அடி ஏன் சில பிள்ளைகளிடம் பலிப்பதில்லை

பள்ளி ஆலோசகராக என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகளில் பாதிப் பேராவது யாரையேனும் காயப்படுத்திவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரனைக் காம்பஸால் குத்தியவன், வகுப்புத் தலைவனின் சட்டையைக் கிழித்தவன், ஆசிரியையின் முகத்துக்கு நேரே கெட்ட வார்த்தை சொன்னவள். அவர்களோடு சேர்ந்து வரும் தீர்ப்புகளும் எனக்கு மனப்பாடம். "வீட்டில் கண்டிப்பு இல்லை." "அப்பன் புத்தி அப்படியே." "அந்தக் காலம் மாதிரி நாலு சாத்து சாத்தினால் வழிக்கு வருவான். இப்போதுதான் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்களே."

சட்டம் என்று அவர்கள் சொல்வது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. பள்ளியில் பிள்ளையை உடலாலோ மனதாலோ வதைப்பதை அது தடை செய்கிறது. ஆசிரியர் அறைகளில் இந்தப் பிரிவைப் பற்றிப் பேச்செடுத்தால் பெருமூச்சுதான் பதிலாக வரும். அடியாத மாடு படியாது என்பதை எந்தச் சட்டமும் மாற்றிவிடாது என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் அவர்கள். நான் அவர்களோடு சட்டத்தைக் காட்டிப் பேசுவதை விட்டு நெடுநாள் ஆகிறது. உடலைப் பற்றித் தெரியவந்திருப்பதைக் காட்டிப் பேசுகிறேன்.

ஏனென்றால் இந்தப் பிள்ளைகளைப் பற்றிய உயிரியல் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க என் மனதில் ஒன்று உறுதிப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நாம் யாரை அதிகம் அடிக்கிறோமோ, அவர்களிடம்தான் அடி பலிப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பயத்திலிருந்து பாடம் கற்றுக்கொள்ளும் ஏற்பாடே அவர்களில் பலரிடம் வேறு விதமாக இயங்குகிறது.

மருத்துவர்கள் இவர்களை இரண்டு பெயர்களில் வகைப்படுத்துகிறார்கள். பெரியவர்களோடு ஓயாமல் எதிர்த்து முரண்டு பிடிப்பது, எதற்கெடுத்தாலும் சினம் கொள்வது, பழி தீர்க்கத் துடிப்பது ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் அது முரண்டு பிடிக்கும் கோளாறு. அடிதடி, திருட்டு, பொருள்களை நாசம் செய்தல், விலங்குகளை வதைத்தல் என்று அடுத்தவர் உரிமையில் கை வைத்தால் அது இன்னும் கடுமையானது, நடத்தைக் கோளாறு. 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு நடத்தைக் கோளாற்றுக்குள் ஓர் உட்பிரிவையும் சேர்த்தது. செய்ததற்கு வருந்தாமை, பிறர் துன்பம் மனதில் உறைக்காமை, எதையும் பொருட்படுத்தாமை ஆகிய குணங்கள் கொண்ட பிள்ளைகளுக்கானது அந்த உட்பிரிவு. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் சென்னையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூளையின் இரு பக்கவாட்டு மடல்களுக்குள்ளும், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பைப் போன்ற ஒரு சிறு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். ஆபத்தை உணர்வது, எது எதற்குப் பின்னால் தீங்கு வரும் என்று நினைவில் பதிப்பது, அடுத்தவர் முகத்தில் அச்சத்தைக் கண்டால் விழித்துக்கொள்வது எல்லாம் இதன் வேலைகளில் அடங்கும். 1930-களின் பிற்பகுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக் குளூவர், பால் பியூசி என்ற இருவர் ரீசஸ் குரங்குகளின் பக்கவாட்டு மடல்களை அகற்றிப் பார்த்தார்கள். யாரையும் அருகில் அண்டவிடாத குரங்குகள் பரம சாதுவாகிவிட்டன. பாம்பைக் கண்டாலும் அஞ்சாமல் நெருங்கின; கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்தன. சாதுவாகிவிட்டன என்ற பாதிதான் பலருடைய நினைவில் தங்கியது. 1963-இல் தோக்கியோவின் ஹிரோத்தாரோ நரபயாஷி, நடத்தைக் கோளாறு உள்ளவர்களின் அமிக்டலாவை ஊசி வழியாக அழிக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த முறை சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு வந்துவிட்டது.

அங்கே 1950-இல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. இந்தியாவில் அந்தத் துறையை நிலைநிறுத்திய சிலரில் ஒருவர். அவருடைய அணியில் டாக்டர் வி. பாலசுப்ரமணியம் இருந்தார், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் டி. எஸ். கனகாவும் இருந்தார். தலையை உலோகச் சட்டத்தில் அசையாமல் பொருத்தி, எக்ஸ்ரே படங்களை வைத்து அளவெடுத்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியை அமிக்டலா வரை செலுத்தி அந்த இடத்தை அழிப்பார்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும். துறுதுறுப்பும் நடத்தைக் கோளாறும் கொண்டவர்களுக்கான அறுவை சிகிச்சை என்றே தலைப்பிட்டு 1970-இல் அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளிகளில் குழந்தைகளும் இருந்தார்கள். 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட தொகுப்புக் கணக்கில் அமிக்டலா அறுவைகள் மட்டும் 481. அவற்றைத் தவிர ஹைப்போதலாமஸ் என்ற இன்னொரு மூளைப் பகுதியில் செய்தவை 122.

இந்த எண்களை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்துபோன கட்டடம் அது. அந்த மருத்துவர்களை அரக்கர்களாகக் காட்டுவது எனக்கு நோக்கமில்லை. அவர்களிடம் வந்தவர்களில் மூளைக்காய்ச்சலுக்கோ வலிப்புக்கோ பிறகு கட்டுக்கடங்காமல் போனவர்கள் இருந்தார்கள். மருந்துகள் சொற்பமாக இருந்த காலம். செய்ததை மறைக்காமல் எழுதி வைத்தார்கள். ஆனால் நோயாளியை அமைதியானவராகவும் கையாள எளிதானவராகவும் ஆக்குவதுதான் இதன் நோக்கம் என்று பாலசுப்ரமணியமும் கனகாவும் எழுதியிருப்பது என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த எளிமை சுற்றியிருப்பவர்களுக்கானது. பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வி அந்த வாக்கியத்தில் இல்லை. என் அறைக்கு வரும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்பதும் பல நேரம் அதே எளிமையைத்தான். அவர்கள் கையில் இருப்பது பிரம்பு, அவ்வளவுதான் வேறுபாடு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி இன்று இத்தகைய மூளை அறுவைக்கு நோயாளியின் ஒப்புதலோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்ற கேள்வியை எனக்குத் தெரிந்து மிகப் பொறுமையாகக் கேட்ட ஆய்வு மொரீஷியஸில் நடந்தது. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து உள்ள தீவு அது. ஆய்வில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பான்மையோர் இந்திய வம்சாவளியினர். அங்கே அந்த வம்சாவளியில் தமிழர்களும் அடக்கம். வக்வா, காத்ரு போர்ன் என்ற இரண்டு ஊர்களில் 1969 வாக்கில் பிறந்த 1,795 குழந்தைகளை, அவர்களுக்கு மூன்று வயதானபோது ஆய்வாளர்கள் ஆய்வகத்துக்கு அழைத்தார்கள். பீட்டர் வெனபிள்ஸ், சார்னாஃப் மெட்னிக் ஆகியோர் தொடங்கிய திட்டம் இது. பின்னாளில் ஏட்ரியன் ரெய்ன் அதைத் தொடர்ந்தார்.

மூன்று வயதுக் குழந்தையின் காதில் ஹெட்போன். விரல்களில் வியர்வையை அளக்கும் மின்முனைகள். ஒரு குறிப்பிட்ட ஒலி கேட்கும். சில நொடிகளில் காதைப் பிளக்கும் இரைச்சல் வரும். இன்னொரு ஒலி கேட்கும். அதற்குப் பின் எதுவும் வராது. சில முறை இப்படி நடந்ததும், முதல் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே பெரும்பாலான குழந்தைகளின் விரல்கள் வியர்க்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன வரப்போகிறது என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். இந்தப் பதிவுகளைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். குழந்தைகள் வளர்ந்து 23 வயதானபோது நீதிமன்றப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். கடுமையான குற்றங்களுக்காகப் பதிவானவர்கள் 137 பேர். பால், இனம், வீட்டுச் சூழ்நிலையின் நெருக்கடி ஆகியவற்றில் அவர்களை ஒத்த, குற்றப் பதிவே இல்லாத 274 பேரைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது. பதிவு இல்லாதவர்களின் விரல்கள் மூன்று வயதில் கற்றுக்கொண்டிருந்தன. குற்றப் பதிவு உள்ளவர்கள், ஒரு குழுவாகப் பார்த்தால், கற்றுக்கொண்டதற்கான அடையாளமே காட்டவில்லை.

அந்த ஆய்வில் யாரும் மூளையைப் படம் எடுக்கவில்லை. பயக் கற்றல் அமிக்டலாவைச் சார்ந்தது என்று பிற ஆய்வுகளால் தெரிந்திருப்பதால் அங்கே தேடச் சொல்கிறது இந்த முடிவு. குழுச் சராசரியைத் தனிப்பிள்ளையின் தலையில் எழுதவும் கூடாது. விரல் வியர்க்காத எத்தனையோ குழந்தைகள் நல்லபடியாக வளர்ந்திருப்பார்கள். ஆனால் ஒரு காரியத்துக்கு இது போதும். "இப்படிச் செய்தால் அடி விழும்" என்பது ஒரு பாடம். குறும்புக்கும் வலிக்கும் முடிச்சுப் போட்டு, அடுத்த முறை கை ஓங்கும்போதே உள்ளே ஓர் அச்சம் எழ வேண்டும் என்று எதிர்பார்க்கும் பாடம். அந்த முடிச்சு விழாத உடம்பில் அடி வெறும் வலியாக மட்டுமே இருக்கும். வலி ஆறியதும் எதுவும் மிஞ்சாது.

ஒரு தாய் என்னிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் வேலை. மகன் ஆறாம் வகுப்பு. இன்னொரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸை மாடியிலிருந்து கீழே போட்டுவிட்டு, ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்கியவன். "அவன் அப்பா பிரம்பு உடையும் வரை அடித்தார் மேடம். இவன் அழவே இல்லை. முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டான்." சொல்லிவிட்டு அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்காமல் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். தன் பிள்ளையைக் கண்டு தனக்கே பயமாக இருக்கிறது என்பதைச் சொல்ல வெட்கப்படும் தாயின் முகத்தைப் பார்ப்பது கடினம். "எங்கேயாவது ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எடுக்கலாம், ஆனால் பயன் இராது. 2024-இல் பல நாடுகளின் 15 ஆய்வுக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து, நடத்தைக் கோளாறு உள்ள 1,185 இளையோரின் மூளைப் படங்களை, கோளாறு இல்லாத 1,253 பேருடைய படங்களோடு ஒப்பிட்டு வெளியிட்டன. மூளையின் வெளி அடுக்கான புறணியின் பரப்பு சராசரியில் குறைவு. அமிக்டலா உள்ளிட்ட சில உட்பகுதிகளும் சராசரியில் சிறியவை. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் வேறுபாடு அது. ஒரு தனிப்பிள்ளையின் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, இவனுக்கு இருக்கிறது, இவனுக்கு இல்லை என்று சொல்லக்கூடிய மருத்துவர் உலகில் எங்கும் இல்லை. ரத்தப் பரிசோதனையும் இல்லை, மரபணுப் பரிசோதனையும் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர்களிடம் தையல் வேலை செய்யும் தாய் போய்ச் சிக்கிவிடக் கூடாது.

இதயத் துடிப்பைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஓய்வில் இருக்கும்போது நாடித் துடிப்பு குறைவாக இருப்பது, முரட்டு நடத்தையோடு திரும்பத் திரும்பத் தொடர்புபட்டு வந்திருக்கும் உடல் அடையாளங்களில் முதன்மையானது. மொரீஷியஸிலும் மூன்று வயதில் துடிப்பு குறைவாக இருந்தவர்கள் 11 வயதில் சராசரியாகக் கூடுதல் முரட்டுத்தனம் காட்டினார்கள். பயமின்மையின் அடையாளம் என்று சிலரும், உடம்பு மந்தமாக இருப்பதால் பரபரப்பைத் தேடிப் போகிறார்கள் என்று சிலரும் விளக்குகிறார்கள். ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் துடிப்பு குறைவுதான். யாரும் பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கலவரப்பட வேண்டாம்.

இனி நான் இந்தத் துறையில் மிகவும் நேசிக்கும் ஆய்வு. இரண்டு பக்க அமிக்டலாவும் நோயால் அழிந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்ணால் மற்றவர் முகத்தில் பயத்தை மட்டும் அடையாளம் காண முடியவில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. ரால்ஃப் அடால்ஃப்ஸ் என்ற ஆய்வாளர் 2005-இல் அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பெண்ணின் பார்வை முகத்தின் கண்களுக்குப் போவதே இல்லை. பயம் கண்களில்தான் தெரியும். அகல விரிந்த விழிகளில். "கண்களைப் பாருங்கள்" என்று சொன்னதும் அவர் பயத்தைச் சரியாக அடையாளம் கண்டார். சொல்வதை நிறுத்தினால் பார்வை மீண்டும் விலகியது.

மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் இதைச் சிறுவர்களிடம் செய்து பார்த்தார். பிறர் துன்பம் உறைக்காத குணம் கொண்ட சிறுவர்கள் அவர்கள். படங்களைக் காட்டி, இவர் எப்படி உணர்கிறார் என்று கேட்டால் பயந்த முகங்களில் தடுமாறினார்கள். கண்களைப் பார்க்கச் சொன்னதும் தடுமாற்றம் பெருமளவு மறைந்தது. கல் நெஞ்சக்காரன் என்று பெயர் வாங்கிய பையன், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அந்தச் சில நிமிடங்களுக்கு மற்றவர்களைப் போலவே முகத்தை வாசித்தான். விளைவு நீடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திறன் அங்கே முழுக்க இல்லாமல் போய்விடவில்லை என்பதும் உண்மை. ஊசி வைத்து அழித்த அதே உறுப்பின் குறைபாட்டை ஒரு வார்த்தையால் சிறிது நேரம் ஈடுகட்ட முடிந்தது என்பதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட நிறைவை வேறு எந்த ஆய்வும் தந்ததில்லை.

2012-இல் டாட்ஸ் தாய்மார்களையும் பிள்ளைகளையும் அழைத்தார். பிள்ளையின் கண்ணைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்த விதத்தில் அன்பைக் காட்டுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னார். முரண்டு பிடிக்கும் கோளாறு உள்ள பிள்ளைகள் அந்த அன்பைக் குறைவாகவே திருப்பிக் காட்டினார்கள். அவர்களிலும் துன்பம் உறைக்காத குணம் உள்ளவர்கள் தாயின் கண்ணைப் பார்ப்பதே குறைவாக இருந்தது. அம்மா பார்க்கிறாள், பிள்ளை பார்க்கவில்லை. இது சில ஆண்டுகள் தொடர்ந்தால் எந்தத் தாயும் களைத்துப்போவாள். பிறகு வெளியார் வந்து, தாய் பாசமாக இல்லாததால்தான் பிள்ளை இப்படி என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

முரட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வார்ப்பில் வருவதில்லை என்பதும் முக்கியம். லண்டனின் எஸ்ஸி வைடிங் அணியினர் 2012-இல், கண் உணர்ந்துகொள்ளும் முன்பே மறைந்துவிடும் அளவுக்குச் சிறு கணம் பயந்த முகங்களைக் காட்டி மூளையின் எதிர்வினையைப் பதிவு செய்தார்கள். துன்பம் உறைக்காத பிள்ளைகளின் அமிக்டலா குறைவாக எழும்பியது. நடத்தைப் பிரச்சினை இருந்தும் அந்தக் குணம் இல்லாத பிள்ளைகளின் அமிக்டலாவோ அவர்களைவிடக் கூடுதலாக எழும்பியது. இரண்டாம் வகைப் பிள்ளை எங்கும் ஆபத்தைக் காண்பவன். தோளில் தெரியாமல் இடித்தவனையும் எதிரி என்று நினைத்துத் திருப்பி அடிப்பவன்; பிறகு வருந்தி அழுபவன். முதல் வகைக்கு அடி உறைக்காது. இரண்டாம் வகைக்கு அடி, உலகம் ஆபத்தானது என்ற அவன் சந்தேகத்துக்குச் சான்றாகிவிடும். எதிரெதிரான இரண்டு காரணங்களால் இரண்டு பேரிடமும் பிரம்பு தோற்கிறது.

"அப்பன் புத்தி" என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மரபின் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. இங்கிலாந்தில் ஏழு வயது இரட்டையர்களை ஆராய்ந்து வைடிங் 2005-இல் வெளியிட்ட கணக்கில், துன்பம் உறைக்காத குணத்தோடு சேர்ந்துவரும் முரட்டு நடத்தையில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 81 சதவீதம் மரபு சார்ந்தது. அந்தக் குணம் இல்லாத முரட்டு நடத்தையில் 30 சதவீதம்தான். 81 என்றதும் விதி என்று படித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 561 தத்துக் குடும்பங்களைத் தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பெற்ற தாயிடம் கடுமையான சமூக விரோத நடத்தை இருந்திருந்தால், அவளோடு வளராத குழந்தையிடமும் இரண்டேகால் வயதிலேயே அந்த உறைக்காமையின் சாயல் தெரிந்தது. ஆனால் வளர்க்கும் தாய் நல்லதைக் கண்டதும் பாராட்டுபவளாக, ஊக்கம் கொடுப்பவளாக இருந்த வீடுகளில் அந்த மரபின் தாக்கம் தணிந்துபோயிருந்தது.

தனி மரபணுக்களின் கதை சுருக்கமாகவே போதும். மூளையில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதி ஒன்றுக்கான மரபணு முற்றிலும் பழுதான ஒரு குடும்பத்தை 1993-இல் நெதர்லாந்தின் ஹான் புருன்னர் விவரித்தார்; அந்தக் குடும்பத்து ஆண்கள் சிலரிடம் கட்டுமீறிய ஆவேசம் இருந்தது. 2002-இல் நியூசிலாந்தின் டுனீடன் நகரத்து ஆய்வில், அதே மரபணுவின் மந்தமான வடிவம் மட்டும் இருப்பது ஆண் பிள்ளைகளை முரடர்களாக்கவில்லை. அதோடு சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்தபோதுதான் ஆபத்து கூடியது. ஊடகங்கள் போர்வீர மரபணு என்று பெயர் சூட்டின. 2006-இல் அந்தப் பெயரை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் மேல் ஒட்டப்போய்ப் பெரும் சர்ச்சையானது. மரபணுப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் ஒரு சமூகத்தின் மேல் பூசப்படும் சேறாக மாறும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, அடி வேண்டாம் என்றால் வேறு என்ன என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முப்பது நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் நாற்காலியை எறிந்தால் தத்துவம் பேச முடியாது.

அமெரிக்காவின் ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் வீடுகளுக்கே போய்க் குடும்பங்களைக் கவனித்தார். அவர் கண்டதை நம் வீட்டில் வைத்துச் சொல்கிறேன். அம்மா செல்போனைத் திருப்பிக் கேட்கிறாள். பிள்ளை கத்துகிறான். அம்மா இன்னும் உரக்கக் கத்துகிறாள். அவன் தட்டை வீசுகிறான். "தொலைந்து போ, வைத்துக்கொள்" என்று அம்மா விட்டுவிடுகிறாள். வீடு அமைதியாகிறது. அமைதி அம்மாவுக்குக் கிடைத்த பரிசு. செல்போன் அவனுக்குக் கிடைத்த பரிசு. தட்டை வீசினால் காரியம் நடக்கும் என்று அவனும், விட்டுக்கொடுத்தால் ஓயும் என்று அவளும் கற்றுக்கொள்கிறார்கள். இந்தச் சங்கிலியை அறுக்கப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் பயிற்சிகள் அங்கிருந்து வளர்ந்தவை. சின்ன நல்ல செயலையும் அந்தக் கணத்திலேயே கவனித்துச் சொல்வது, கட்டளையைக் குறைத்துத் தெளிவாக்குவது, மீறினால் கூச்சலின்றிச் சிறிது நேரம் விளையாட்டிலிருந்து தனியே உட்கார வைப்பது என்று அவை போகும்.

டேவிட் ஹாஸ் என்ற ஆய்வாளர் டாட்ஸோடு சேர்ந்து 2005-இல் இந்தப் பயிற்சியை நான்கு முதல் எட்டு வயதுச் சிறுவர்களின் பெற்றோருக்குத் தந்து பார்த்தார். பாராட்டுப் பகுதி எல்லாச் சிறுவர்களிடமும் ஒன்றுபோல வேலை செய்தது. தனியே உட்கார வைக்கும் தண்டனைப் பகுதி, துன்பம் உறைக்காத சிறுவர்களிடம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. மொரீஷியஸின் வியர்க்காத விரல்கள் இங்கே எனக்கு மீண்டும் தென்பட்டன. தண்டனையில் கற்காதவன் பரிசில் கற்கிறான்.

அந்த ஆறாம் வகுப்புப் பையனின் தாயிடம் இதைத்தான் சொன்னேன். தவறுகளை எழுதி வைக்கும் டைரியை மூடச் சொன்னேன். மாலையில் அவன் பையைத் தானாக மாட்டினால், தங்கையின் பென்சிலைக் கேட்டு வாங்கினால், அப்போதே, பெயர் சொல்லி, முகத்துக்கு நேரே வந்து சொல்லச் சொன்னேன். அவன் கண்ணைப் பார்க்கும் வரை ஒரு நொடி காத்திருந்துவிட்டுச் சொல்ல வேண்டும். வகுப்பாசிரியர் முதலில் முகம் சுளித்தார். "தப்பு செய்கிறவனுக்குப் பாராட்டா? மற்ற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?" பிறகு அவராகவே விளையாட்டுச் சாமான் அறையின் சாவியை அவனிடம் கொடுத்தார். பந்துகளை எண்ணி வைக்கும் வேலை. அவன் இன்னும் கை நீட்டுகிறான். முன்பைப் போல அடிக்கடி இல்லை. ஒரு குழந்தை விழுந்து அழுதபோது நின்று பார்த்தான் என்றார் ஆசிரியர். தூக்கிவிட்டானா என்று கேட்டேன். இல்லை, ஆனால் போகாமல் நின்றான் என்றார். எனக்கு அது பெரிய செய்தி.

கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மருந்து உதவுகிறது. முரட்டுத்தனமும் அதோடு குறைவதுண்டு. எனவே முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். மருந்தே தீண்டத்தகாதது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மீண்டும் மொரீஷியஸ். அந்த ஆய்வாளர்கள் அளந்துவிட்டுப் போனவர்கள் அல்லர். மூன்று வயதுக் குழந்தைகளின் உதட்டோர வெடிப்பையும், நிறம் மங்கிய முடியையும், ரத்தசோகையையும் குறித்து வைத்திருந்தார்கள். அப்படி ஊட்டம் குறைந்திருந்தவர்கள் 8, 11, 17 வயதுகளில் மற்றவர்களைவிடக் கூடுதல் முரட்டு நடத்தை காட்டினார்கள். இதற்கு இணையாக, குழந்தைகளில் நூறு பேரை மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை சிறப்பு மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். பால், பழச்சாறு, தினமும் மீனோ கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்ந்த சூடான சாப்பாடு, காய்கறிக் கலவை. மதியத்துக்கு மேல் ஓடியாடும் விளையாட்டு. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். வழக்கமான பள்ளிகளில் முப்பது பேருக்கு ஒருவர். 11 வயதில் அந்தக் குழந்தைகளின் தோலும் மூளை அலையும் மற்றவர்களைவிட விழிப்பாக இருந்தன. 17 வயதில் நடத்தைப் பிரச்சினை குறைவு. 23 வயதில் குற்ற நடத்தை குறைவு. மூன்று வயதில் ஊட்டம் குறைந்திருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம் கிடைத்தது. உயிரியல் என்றால் பிறவியிலேயே எழுதப்பட்டது என்று நினைப்பவர்கள் அந்த 11 வயது முடிவைத் திரும்பப் படிக்க வேண்டும். சாப்பாடும் விளையாட்டும் ஆசிரியர் கவனமும் உடம்பின் எதிர்வினையையே மாற்றியிருக்கின்றன.

1982-இல் சத்துணவைத் தொடங்கி, 2022-இல் காலை உணவையும் சேர்த்த மாநிலம் நம்முடையது. அங்கன்வாடிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மொரீஷியஸ் செய்ததில் தட்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாறு பேருக்கு ஓர் ஆசிரியர் என்பதுதான் இல்லை. பெற்றோர் பயிற்சியும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் 30 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, கவனக்குறைவு இருக்கிறது. நடத்தைக் கோளாறு இல்லை. பட்டியலில் இல்லாததால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இதற்கென ஒரு மேசையும் இல்லை. சேர்க்க வேண்டும். இதற்கு ஸ்கேன் எந்திரம் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வரும் பெற்றோர் உட்கார ஓர் அறை, இவ்வளவுதான் கேட்கிறேன்.

அதுவரை, இதைப் படிப்பவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். காது கேட்கிறதா, தூக்கம் சரியாக இருக்கிறதா, வலிப்பு உண்டா, கவனக்குறைவு உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். போக வழியில்லாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழில் பேசலாம். எங்கே போனாலும், பெற்றோருக்கான பயிற்சி இங்கே கிடைக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால், எப்போது கிடைக்கும் என்றும் கேளுங்கள்.